ஆப்பை அழித்துவிட்டேன், சந்தா அழியவில்லை

ஒரு வருடத்துக்கு முன்பே போனிலிருந்து தூக்கிய ஆப் அது. போன வாரம் அதன் பெயரில் ஒரு வருடச் சந்தா கணக்கிலிருந்து போயிருக்கிறது. பழைய மெசேஜ்களைத் தேடிப் பார்த்தால், போன வருடமும் எடுத்திருக்கிறார்கள். ஓடிபி, டெலிவரி, தள்ளுபடி என்று நாள் முழுக்கக் குவியும் மெசேஜ்களுக்கு நடுவே அது என் கண்ணில் படவே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். அவசரமாக ஒரு சான்றிதழை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்ப வேண்டியிருந்தது. தேடியதும் முதலில் வந்த ஆப்பை இறக்கினேன். திறந்ததுமே திரை முழுக்க '7 நாள் இலவசம்'. மூடுவதற்கான பெருக்கல் குறி சில நொடி கழித்துத்தான் வந்தது, அதுவும் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில். நான் அதைப் பார்ப்பதற்குள் பெரிய பட்டனை அழுத்தி, கைரேகையும் வைத்துவிட்டேன். பணம் கட்டுவதும் போனைத் திறப்பதும் ஒரே விரல் அசைவாகிவிட்ட பிறகு யோசிக்க நேரம் ஏது? வாரத்துக்கு எவ்வளவு என்பதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மொத்தமாக வருடத் தொகையை எடுப்போம் என்பது அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில்.

வேலை முடிந்தது, அன்று மாலையே ஆப்பை அழித்துவிட்டேன். அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் சந்தா இருப்பது ஆப்பில் இல்லை, நம் கூகுள் கணக்கில். ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கில். ஐகானை அழித்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.

ஆப்காரர்களுக்கு மெயில் போட்டேன். 'ரத்து செய்வது பயனரின் பொறுப்பு' என்று ஒரு வரி, கீழே விதிமுறைகளுக்கான இணைப்பு. கூகுளிடம் நேரடியாகக் கேட்கலாம் என்றால், அங்கே 48 மணி நேரம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஆப்காரரிடமே போகச் சொல்வார்கள். நான் மெசேஜைப் பார்த்ததே மூன்றாம் நாள். பணம் போனது போனதுதான்.

இந்த மாதிரி வடிவமைப்புத் தந்திரங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது பாடு என்ற வகைக்கு அவர் 'ரோச் மோட்டல்' என்றார், அதாவது கரப்பான் பூச்சிப் பொறி. பொருத்தமான பெயர். மாட்டிய பூச்சி சொல்கிறேன்.

சரி, உங்கள் போனையும் இப்போதே ஒரு தடவை பாருங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போனால் பட்டியல் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' வரும். ஆப்பிளில் இலவசக் காலம் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்துவிட வேண்டும், கடைசி நாள் வரை காத்திருந்தால் பணம் போய்விடும்.

என் பட்டியலில் இன்னொரு பெயரும் இருந்தது. அது என்ன ஆப், எதற்காக இறக்கினேன் என்று இன்னும் ஞாபகம் வரவில்லை. அதையும் ரத்து செய்துவிட்டேன்.