புதுப் பெட்டரி போட்டும் ஸ்டார்ட் ஆகல்லயா? ஆரையம்பதிப் பக்கம் ஒரு வயறிங் பாஸ் இருக்காரு

மொதல்லயே சொல்லிர்றன், இந்தக் கார் வயறிங் கடைக்கு பேர்ப்பலகை இல்ல. மட்டக்களப்பு டவுண்ல இருந்து காத்தான்குடி தாண்டி ஆரையம்பதிக்குப் போகக்குள்ள கல்முனை ரோட்டுல இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குற ஒழுங்கை ஒண்டுக்குள்ள இருக்கு, தகரக் கூரை, வாசல்ல பழைய ஒல்டனேட்டர் (எஞ்சின் ஓடக்குள்ள பெட்டரிய சார்ஜ் பண்ற சாமான்) கூடு நாலஞ்சு கம்பியில கோத்துத் தொங்கும், அதுதான் அடையாளம். ஏசி ரூம், சோபா, கோப்பி மெஷின் எல்லாம் நினைச்சுப் போகாதீங்க, இருக்கிறதுக்கு ஒரு பழைய வேன் சீட் இருக்கு, அதுவும் பூனை படுத்திருக்காட்டித்தான்.

என்ட கார் கொரோலா 121. 2020ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்குப் பிறகு கார் விலை போன போக்குக்கு மாத்துற எண்ணமே வரல்ல, 2025ல திரும்ப விட்டும் நமக்கு எட்டுற விலையில்ல, அதால இருக்கிறதயே தட்டித் தட்டி ஓடுறன். மாரி தொடங்கின கையோட காலையில சாவியத் திருப்பினா டக் டக் டக் எண்டு மட்டும் கேக்கும், எஞ்சின் சுத்தாது. டவுணுக்குள்ள ஒரு கராஜுக்கு (பேர் வேணாம்) கொண்டு போனன், பொனட்டத் திறந்து பாத்த உடனே பெட்டரி செத்துத்து எண்டாரு, வோல்ட் மீட்டர் எடுக்கவே இல்ல. 35,000க்கு மேல குடுத்து புதுப் பெட்டரி போட்டன். ஒன்பது நாள் நல்லா ஓடிச்சு.

பத்தாம் நாள் இரவு நல்ல மழை, ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் போட்டுக்கு டவுண்ல இருந்து வாறன், கல்லடிப் பாலத்துல ஏறக்குள்ள டேஷ்போட் லைட் மங்கிச்சு, வைப்பர் கிழவன் நடக்கிற மாதிரி மெதுவாப் போச்சு, பாலம் இறங்குறதுக்கு முன்ன எஞ்சினும் நிண்டுத்து. நல்ல காலம் 2013ல புதுப் பாலம் திறந்திருந்தது, அந்தப் பழைய ஒத்தைப் பாலமா மட்டும் இருந்திருந்தா எனக்குப் பின்னால பாதி மட்டக்களப்பே ஹோன் அடிச்சிருக்கும்.

மறுகா அதே கராஜுக்குத்தான் போனன், புத்தி கெட்ட வேலை. ஜம்ப் வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணித்து, எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கக்குள்ளயே பெட்டரியிட மைனஸ் டேர்மினலக் கழட்டிக் காட்டினாங்க, "பாருங்க எஞ்சின் நிக்கல்ல, ஒல்டனேட்டர் நல்லம், பெட்டரியத்தான் கம்பனிக்கு அனுப்பணும், ரெண்டு கிழமை ஆகும்" எண்டு. அங்கதான் எனக்கு வெறுத்துப் போச்சு. கூட வேலை செய்ற மச்சான் ஒருவன்தான் இந்த வயறிங் நானாட (நம்ம பக்கம் முஸ்லிம் அண்ணன்மார அப்பிடித்தான் கூப்பிடுற) இடத்தச் சொன்னான்.

நானாக்கு அறுபது வயசு இருக்கும். நான் போன உடனே பெட்டரி புதுசு நானா, எப்பிடிச் செத்திச்சு எண்டு தெரியல்ல எண்டு கதைய ஆரம்பிச்சன். அவர் சொன்னாரு, "தம்பி, பெட்டரியக் குத்தஞ் சொல்லாதீங்க, அது பானை, ஊத்துறவன் ஊத்தினாத்தானே அள்ளலாம்." டேர்மினலக் கழட்டின கதையச் சொன்னதும் மனுசன் கடுப்பாகிட்டாரு. எஞ்சின் ஓடக்குள்ள பெட்டரியப் பிரிச்சா வோல்ட் ஒரேயடியா ஏறி ஒல்டனேட்டர் டயோட்டயும் எடுக்கும், உங்கட கம்பியூட்டர் பொக்சயும் எடுக்கும், காபரேட்டர் வண்டிக் காலத்துப் பழக்கத்த இன்னும் விடுறாங்க இல்ல எண்டு நல்லா ஏசினாரு. ஏசினது என்ன இல்ல எண்டாலும் நான்தான் தலையக் குனிஞ்சிக்கு நிண்டன்.

இந்தக் கடைய நான் எழுதுறதுக்குக் காரணமே அதுக்குப் பிறகு அவர் செஞ்ச வேலைதான், ஒரு சாமானையும் கழட்ட முன்ன எல்லாத்தயும் அளந்தாரு, அளந்து எனக்கும் காட்டினாரு. எஞ்சின் ஓப்பில பெட்டரி 12.1 வோல்ட். நல்லா சார்ஜ் ஏறின பெட்டரி எண்டா 12.6 காட்டணுமாம். ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டா 13.8ல இருந்து 14.4 வரைக்கும் வரணும், என்டது 12.0, அதாவது ஏறுறதுக்குப் பதிலா இறங்குது. பெல்ட்ட விரலால அமத்திப் பாத்தாரு, இறுக்கம் சரி. மறுகா ஸ்க்ரூட்ரைவரத் திருப்பிப் பிடிச்சு அதுர பிடியால ஒல்டனேட்டர்ர முதுகுல ரெண்டு தட்டுத் தட்டினாரு பாருங்க, மீட்டர் 14.1க்குப் பாஞ்சிச்சு! கொஞ்ச நேரத்துல திரும்ப 12க்கு விழுந்திச்சு. "கார்பன் முடிஞ்சித்து, தட்டினா தொடுது, விட்டா விடுது" எண்டாரு. கார்பன் எண்டா ஒல்டனேட்டருக்குள்ள சுத்துற வளையத்துல உரசி நிக்கிற சின்னக் கட்டை. அண்டைக்கு அந்தக் கராஜுல எஞ்சின் நிக்காததும் ஒன்பது நாள் ஓடினதும் அப்பதான் விளங்கிச்சு, தொட்ட நேரம் சார்ஜ் வந்திருக்கு, தொடாத நேரம் புதுப் பெட்டரியிட இருப்புல ஓடியிருக்கன்.

அதோட நிப்பாட்டல்ல. மீட்டர்ர ஒரு முனைய பெட்டரி மைனஸ்லயும் மத்தத எஞ்சின் உடம்புலயும் வச்சு, என்னச் சாவியத் திருப்பி செல்ப் அடிக்கச் சொன்னாரு, 0.9 காட்டிச்சு. அரை வோல்ட்டுக்கு மேல போனாலே எர்த் (கரண்ட் பெட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போற வழி) பிழையாம். பாத்தா எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவுல போற எர்த் வயர் பச்சை பூத்து உக்கிப் போயிருக்கு. கடக்கரையோரம் கார் வச்சிருக்கிற நம்மட ஆக்கள் எல்லாரும் இத ஒருக்கா பாருங்க, உப்புக் காத்து வெளியில துருவா வர முன்னமே வயர் நுனியத்தான் தின்னுது. கடைசியா சாவிய எடுத்துத்து எவ்வளவு கரண்ட் களவு போகுதெண்டு பாத்தாரு, 30 மில்லி அம்பியர், 50க்குள்ள இருந்தாப் பயமில்ல.

ஒல்டனேட்டரக் கழட்டிக் காட்டினாரு. புதுசுல ஒரு சென்டிமீட்டர் அளவு வெளிய நிக்கிற கார்பன் ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்ல. கார்பன், ரெண்டு பெயரிங், எர்த் வயர் மாத்தி, கார்பன் தேய்க்கிற வளையத்தயும் மெல்லிசு அரத்தாள் போட்டுத் துடைச்சாரு. முழு ரீக்கண்டிஷன் ஒல்டனேட்டர் ஒண்டு போடுவமா எண்டு நானேதான் கேட்டன், கட்டவுட்டும் (வோல்ட்டக் கட்டுப்படுத்துறது) டயோட்டும் நல்லா இருக்கக்குள்ள அது என்னத்துக்கு, யார்ட கார்ல எவ்வளவு ஓடினதோ எண்டு வேணாமெண்டுட்டாரு. சாமான், கூலி எல்லாம் சேத்து 9,500. புதுப் பெட்டரிய அவர்ட சார்ஜர்லயே போட்டு விட்டாரு, அடிவாங்கின பெட்டரிய ஒல்டனேட்டரால நிரப்ப வைக்கிறது அதுக்கும் பாரமாம். முடிஞ்ச பிறகு 14.2, லைட், ஏசி எல்லாம் போட்டும் 13.9.

குறையும் இருக்கு. ஒரு மணித்தியாலம் எண்டாரு, நாலு மணித்தியாலம் போச்சு. போன் எடுக்கவே மாட்டாரு. பில் இல்ல, காட் இல்ல, காசுதான். வெள்ளிக்கிழமை பகல் போகாதீங்க, ஜும்மாவுக்குப் பூட்டினா அசருக்குப் பிறகுதான் திறப்பாரு. எஞ்சினுக்குக் கீழ இருந்த பிளாஸ்டிக் கவர்ர நாலு கிளிப்புல ரெண்டுதான் திரும்ப வந்திருக்கு, வீட்ட வந்துதான் கண்டன், இப்பவும் பள்ளத்துல விழுந்தா கடகட எண்டுது. எஞ்சின், பிரேக் வேலையும் செய்ய மாட்டாரு, வயறிங் மட்டும்தான்.

ரெண்டு மாசமாகுது. அம்பாறைக்கு இரவுல லைட் போட்டு ரெண்டு தரம் பொயித்து வந்துட்டன், சிகரட் லைட்டர் ஓட்டையில செருகுற சின்ன வோல்ட் மீட்டர் ஒண்டும் வாங்கிச் செருகியிருக்கன், வீட்டுக்காரி ரோட்டப் பாத்து ஓடுங்க எண்டுறா. அஞ்சுக்கு நாலு குடுக்கலாம். காலையில எட்டுக்கு முன்ன போனா முதல் ஆளாப் பாப்பாரு.