'வளர்சிதை வயது 58' என்ற சீட்டைக் காட்டிப் பணம் கேட்டால்

உடல் எடையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் நிலையங்கள் எங்கள் திருச்சியில் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. வாசலில் 'இலவச பாடி செக்-அப்' பலகை, உள்ளே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், அலமாரியில் ஷேக் (உணவுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் மாவு) டின்கள், மூலையில் கைப்பிடி வைத்த எடை எந்திரம் என்று எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் என் அக்கா மூன்று மாதத் திட்டத்துக்கு 18,500 ரூபாய் கட்டி, பணத்தோடு உடல்நலத்தையும் கெடுத்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டார். புகார் நிலுவையில் இருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அக்காவுக்கு வயது 43, உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. வெறுங்காலுடன் எந்திரத்தில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தவுடன் ஒரு சீட்டு வந்தது. அதில் அடிப்படை வளர்சிதை வீதம், அதாவது ஓய்வில் இருக்கும்போதே உடல் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் ஆற்றல், 1,340 கிலோ கலோரி என்றும், அந்த வீதம் எந்த வயதினருக்கு உரியது என்று எந்திரம் சொல்லும் 'வளர்சிதை வயது' 58 என்றும் இருந்தது. அந்த 58-ஐச் சிவப்பு மையால் வட்டமிட்ட 'கோச்', "உங்க மெட்டபாலிசம் (வளர்சிதை மாற்றம்) தூங்கிட்டு இருக்கு மேடம், அதை எழுப்பாம பட்டினி கிடந்தாலும் எடை இறங்காது" என்றார். வாங்கும் முடிவை எடுக்க வைத்தது அந்த ஒரு வட்டம்தான்.

அந்த எந்திரம் வளர்சிதை மாற்றத்தை அளப்பதே இல்லை. மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கை, கால் வழியாகச் செலுத்தி, உடல் அதற்குக் காட்டும் தடையைக் கொண்டு கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று மதிப்பிடுகிறது. அதனோடு நாம் சொல்லும் வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து மற்ற எண்களைச் சூத்திரத்தால் வரவழைக்கிறது. உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் எண் மாறும். 1990-இல் வெளியான மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, கிலோவில் எடையைப் பத்தாலும் சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கையும், பெண் என்றால் மேலும் 161-ஐயும் கழித்தால் அக்காவுக்கு வருவது 1,333. கைப்பேசியிலுள்ள கணக்குப்பொறியே போதும். உண்மையில் அளக்க வேண்டுமானால், ஓய்வில் படுத்திருப்பவர் உள்வாங்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்கும் கருவி வேண்டும். 'வளர்சிதை வயது' என்பதோ மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அளவே அன்று.

நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்பதும் அங்கே மந்திரம்போல் சொல்லப்படுகிறது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவை ஆராய்ந்து 2021-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு, உடலின் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால் 20 வயது முதல் 60 வயது வரை அந்த வீதம் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்றும், அதன் பிறகே ஆண்டுக்கு சுமார் 0.7 விழுக்காடு குறைகிறது என்றும் காட்டியது.

திட்டம் என்னவென்றால், காலையிலும் இரவிலும் ஷேக், மதியம் மட்டும் சிறிது சோறும் காயும். டின்னில் அச்சிட்டிருந்த அளவுகளைக் கூட்டிப் பார்த்தபோது, நாள் முழுவதற்கும் 900 கிலோ கலோரியைத் தாண்டவில்லை. முதலில் மூன்று கிலோ சட்டென்று இறங்கியதும், வாட்ஸ்ஆப் குழுவில் அக்காவின் படத்தைப் போட்டுக் கைதட்டல் வாங்கினார்கள். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக உள்ள கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு வைத்திருக்கும். உணவு திடீரெனக் குறையும்போது அது கரைந்து நீரும் வெளியேறுவதால், முதலில் இறங்கும் எடையில் பெரும்பகுதி வெறும் நீர். பிறகு முள் அசையவில்லை, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மிகக் குறைவாக உண்ணும்போது உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்ளும் என்பதால், எதை எழுப்புவதாகச் சொன்னார்களோ அதையே தூங்க வைக்கிற திட்டம் இது.

எடை நின்றதும் 'பூஸ்டர்' என்று 3,200 ரூபாய்க்குக் காப்ஸ்யூல்கள் வந்தன. பெயரும் உரிம எண்ணும் இல்லாத ஜிப் கவரில். இரண்டு வேளை விழுங்கியதில் படபடப்பும் தூக்கமின்மையும் வந்ததால் நிறுத்திவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. இதயத்துக்கு ஆபத்து என்று 2011-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, 'மூலிகை' என்று விற்கப்படும் எடைக்குறைப்புப் பொருள்களில் உலகின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது தைராய்டு விஷயம். அக்கா பல ஆண்டுகளாகத் தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை எடுப்பவர். சேர்க்கைப் படிவத்திலும் அதை எழுதியிருக்கிறார். ஆனாலும் மாத்திரை போட்ட கையோடு ஷேக்கைக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மாவில் இருந்தவை சோயாப் புரதம், கால்சியம், இரும்புச்சத்து. மூன்றுமே அந்த மருந்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கக்கூடியவை. கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். தைராய்டு சுரப்பு போதாதபோது இரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு, முன்பு 2.8 இருந்தது, 9.6-க்கு ஏறியிருந்தது. தைராய்டு சுரப்பு குறைந்தால் வளர்சிதை வீதம் உண்மையிலேயே மந்தமாகும்.

இப்போது அரசு மருத்துவமனை உணவியல் நிபுணர் சொன்னபடி, இட்லியைக் குறைத்து முட்டையும் சுண்டலும் சேர்த்துக்கொள்கிறார், நடக்கிறார், வாரத்தில் சில நாள் எடை தூக்குகிறார். புரதத்தைச் செரிக்கவே அதன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகும், மாவுச்சத்துக்கு 5 முதல் 10 விழுக்காடுதான். ஆனால் இதையும் மிகைப்படுத்தக் கூடாது. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் செலவழிப்பது சுமார் 13 கிலோ கலோரி மட்டுமே. எடை தூக்குவதன் பயன், மெலியும்போது தசை கரையாமல் காப்பதில் இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் பின்புறம் ரப்பர் முத்திரையில் இருந்த 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. ஊட்டச்சத்து டின் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற வாசகமும் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ரசீது, சீட்டு, டின், கவர், வாட்ஸ்ஆப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்த பிறகு, மீதித் தொகைக்கு ஷேக் டின்களாகவே எடுத்துக்கொள்ளும்படி நிலையத்திலிருந்து செய்தி வந்தது. பணமாகத்தான் வேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறோம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். நாம் சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.