தெர்மல் மோனாகுலர்: கரடிக்குச் சரி, மிஸ்ட்டுக்கு இல்லை

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி, சூட்டைப் படமாக்கி ராத்திரியில் காட்டுகிற, ஒற்றைக் கண்ணால் பார்க்கிற இந்தக் கையடக்க தெர்மல் மோனாகுலரை வாங்கலாமா என்பதுதான். நான் வாங்கி ஒரு மழைக்காலம், ஒரு குளிர்காலம் பார்த்தாகிவிட்டது. 256×192 பிக்சல் (சூட்டை உணர்கிற புள்ளி) கொண்ட சென்சார், ஒரு பிக்சல் 12 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு, 10 மி.மீ. லென்ஸ் உள்ள ஆரம்ப மாடல். விலை, ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய ஸ்கூட்டர் அளவுக்கு வரும்.

வாங்கியதற்குக் காரணம் கரடி. செடிகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தால் டார்ச் வெளிச்சத்தில் கறுப்போடு கறுப்பாகப் போய்விடும், கிட்டே போன பிறகுதான் உறுமல் கேட்கும். இதில் முகம் முதலில் வெள்ளையாக மின்னுகிறது, உடம்பு கொஞ்சம் மங்கல்தான், ஏனென்றால் அந்த அடர்ந்த மயிர் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. காட்டெருமைக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, மொத்த உடம்பும் பளிச். தூரத்துக்குக் கணக்கு இருக்கிறது: இந்த லென்ஸில் 100 மீட்டரில் ஒரு பிக்சல் 12 செ.மீ. அகலத்தைப் பிடிக்கும். அதாவது அங்கே நிற்கிற காட்டெருமையைத் தெளிவாக அடையாளம் காணலாம், 200 மீட்டரில் கரடி வெறும் மூன்று நான்கு புள்ளி, அது நாயா கரடியா என்று நடையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெட்டியில் போட்டிருக்கிற தூரத்தை நம்ப வேண்டாம், அது ‘ஏதோ இருக்கிறது’ என்று தெரிகிற தூரம்.

பெட்டியில் ‘ராணுவத் தரம்’ என்றும் போட்டிருக்கிறது. விற்பதற்காக எழுதியதுதான், ஆனால் சென்சாரின் பூர்வீகம் நிஜமாகவே ராணுவம். 1950-களின் கடைசியில் பிரிட்டனின் ராயல் ரேடார் ஆய்வகத்தில் பாதரசம், காட்மியம், டெலுரியம் கலந்த பொருளைக் கண்டுபிடித்தார்கள். அந்த வகை சென்சாரை மைனஸ் 196 டிகிரி அளவுக்குக் குளிர்விக்க வேண்டும், அதனால் கூடிய விலையாலும் எடையாலும் அது பீரங்கி, விமானத்தோடு நின்றுவிட்டது. இந்தக் கருவியில் இருக்கிற, குளிர்விக்காமல் வேலை செய்கிற மைக்ரோபோலோமீட்டர் வகை சென்சாரை அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனம், ராணுவப் பணத்தில் 1980-களில் உருவாக்கியது, 1992 வரை அது ரகசியம். வெனேடியம் ஆக்சைடு பூசிய மெல்லிய தகடு இரண்டு கால்களில் தொங்கும், சூடு பட்டால் அதன் மின்தடை மாறும், அதை அளந்து படமாக்குகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். நடுநடுவே ‘டிக்’ சத்தத்தோடு படம் ஒரு கணம் உறைந்தால் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பிக்சல்கள் ஒவ்வொன்றின் அளவீடும் ஒவ்வொரு விதமாக விலகிப்போவதால், உள்ளே ஒரு மூடி வந்து மறைத்து எல்லாவற்றையும் சமப்படுத்திக்கொள்கிறது.

இனி குறை. விற்றவர் பனிமூட்டத்தையும் ஊடுருவிப் பார்க்கும் என்று சொன்னார். பச்சைப் பொய். புகையில் பார்க்கும், சருகு எரிகிற இடத்திலும் பார்த்திருக்கிறேன், புகைத்துகள் மிகச் சின்னது என்பதால். நம் ஊர் மிஸ்ட்டில் இருப்பது தண்ணீர்த் துளி. இந்தக் கருவி பார்க்கிற வெப்பக் கதிரின் அலைநீளம் 8 முதல் 14 மைக்ரான், மிஸ்ட் துளியின் அளவும் ஏறக்குறைய அதே ரகம், அப்புறம் எப்படித் தாண்டி வரும்? ஜூலையில் சில்வர் ஓக் மரம்கூடக் கண்ணுக்கும் தெரியவில்லை, கருவிக்கும் தெரியவில்லை. மழை பெய்து ஓய்ந்ததும் கல், செடி, மண் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்து படம் சாம்பல் பூசினாற்போல ஆகிவிடும். நேர்மாறாக ஜனவரி ராத்திரி, தரை உறைகிற குளிரில், முயல்கூடத் தப்பாது. சாயங்காலம் மட்டும் கவனம், பகல் முழுக்க வெயில் வாங்கிய பாறை விலங்கு மாதிரியே ஒளிரும்.

வீட்டுக்குள் இருந்தபடி ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: முடியாது, கண்ணாடி இந்தக் கதிரை விடாது, உங்கள் முகம்தான் தெரியும். லென்ஸே கண்ணாடி இல்லை, ஜெர்மேனியம். கீறல் விழுந்தால் மாற்றச் செலவு தலையைச் சுற்றும். சர்வீஸ் கேட்டால் மலையில் யாரும் இல்லை, விற்றவர் போனை எடுப்பதும் இல்லை.

வாங்குகிறவர்கள் 9 ஹெர்ட்ஸ் மாடலை, அதாவது நொடிக்கு ஒன்பது படம் மட்டும் காட்டுவதைத் தவிருங்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் அந்த வேகத்துக்குச் சலுகை இருப்பதால்தான் அது இவ்வளவு கிடைக்கிறது, நடந்துகொண்டே பார்த்தால் படம் விட்டுவிட்டு வரும். 25 ஹெர்ட்ஸ் போதும். அகலத்தில் 384 பிக்சல் உள்ள பெரிய சென்சாருக்குக் கூடுதல் பணம் தோட்டத்து வேலிவரை பார்க்கிறவர்களுக்குத் தேவையில்லை, அந்தப் பணத்துக்கு வாசலில் ஒரு நல்ல விளக்குப் போடலாம்.