பழைய நோவாவுக்கு ஸ்லிக் டயர்: ஒரு சீசன் ஓட்டிய பிறகு

என் 1966 செவி நோவா காருக்குப் பின்னால் 28 அங்குல உயர பயாஸ்-ப்ளை ஸ்லிக் டயர் போட்டு ஒரு சீசன் ஓட்டிவிட்டேன். ஸ்லிக் என்றால் டிராக் ரேஸுக்கான (நேர்கோட்டில் பாயும் பந்தயம்), வெட்டுக்கோடு இல்லாத வழவழ டயர்; பயாஸ்-ப்ளை என்றால் உள்ளே நூல் அடுக்குகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும் வகை. பிடிப்பு அபாரம். 12 பிஎஸ்ஐ காற்றில், கிளம்பும் நொடியில் பக்கச்சுவர் ஈரத்துணி போலச் சுருங்கி, அப்புறம்தான் வண்டியைத் தள்ளுகிறது. பழைய ஆக்ஸிலுக்கு விழும் அடியை அந்தச் சுருக்கம்தான் வாங்கிக்கொள்கிறது.

குறை என்றால், வேகம் ஏறியதும் வால் பக்கம் அலைகிறது. முன்னால் ரேடியல் (நூல் அடுக்கு குறுக்கிடாமல் நேராக ஓடும் வகை) டயர் இருந்தபோது இன்னும் மோசம்; அங்கேயும் பயாஸ்-ப்ளை மாட்டியதும் பாதி அடங்கியது.

ரிம்மில்தான் ஏமாந்தேன். சும்மா மாட்டினால் போதும் என்று நினைத்தேன். டயர் ரிம்மின் மேல் வழுக்கி, ட்யூபின் வால்வைப் பிய்த்துவிட்டது. அடுத்த முறை டயரையும் ரிம்மையும் சேர்த்து சாக்பீஸ் கோடு போட்டேன். ஒரே ஓட்டத்தில் கோடு இரண்டு விரற்கடை விலகியிருந்தது! டயரை ரிம்மோடு பிடித்து நிறுத்தும் ரிம் ஸ்க்ரூ முடுக்கிய பிறகு கோடு அசையவில்லை.

சஸ்பென்ஷனில் முன்பக்கம் மட்டும் 90/10 ஷாக் (எளிதாக நீண்டு, சிரமப்பட்டுச் சுருங்கும் அதிர்வுதாங்கி) மாற்றினேன். மூக்கு சட்டென்று எழும், மெதுவாக இறங்கும். எடை பின் டயருக்குப் போகிறது. சாலையில் ஓட்டவும் இதே வண்டிதான் என்றால் வேண்டாம், பள்ளத்துக்குப் பள்ளம் படகு மாதிரி ஆடும்.