சுற்றாத ட்ரோன் மோட்டார்: எந்த ரிப்பேர் நிலைக்கிறது, எது திரும்பவும் படுத்துகிறது

விழுந்த ட்ரோனை எடுத்து நிமிர்த்தி வைத்ததும் ஒரு மோட்டார் மட்டும் துடித்துத் துடித்து நின்றால், பலருக்கும் கை தானாக த்ராட்டிலுக்குத்தான் போகும். கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் விடுபட்டுவிடும் என்ற நினைப்பு. பத்து நிமிடச் சுத்தத்தில் முடிய வேண்டிய வேலை, காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கருகி மோட்டாரையே மாற்றும் வேலையாக ஆவது இந்த இடத்தில்தான்.

சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தனக்குள் ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் கரண்டை அடக்கி வைப்பது அதுதான். நின்றுபோன மோட்டாரில் அது கிடையாது. காயிலின் மின்தடை மட்டும்தான் தடுப்பு. நான்கு செல் பேட்டரி 14.8 வோல்ட், காயிலும் ஒயரும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு 148 ஆம்பியரில் போய் நிற்கும். ஈஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று, அந்த மின்னழுத்தத்தை முழுதாகத் திறந்துவிடுவதில்லை, துண்டு துண்டாகத்தான் கொடுக்கும். அப்படியும் சில நொடிகள் போதும், கம்பியின் எனாமல் பொசுங்கிவிடும். கவிழ்ந்த ட்ரோனைத் தானே புரட்டிக்கொள்ளவைக்கும் வசதியைப் புல்லுக்குள் அழுத்திப் பிடிப்பதும் இதே ஆபத்துதான். ஆகவே மோட்டார் நின்றதும் பேட்டரியைப் பிடுங்குங்கள், ப்ரொப்பெல்லரைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே சொல்வது பெரும்பாலும் 2207, 2306 அளவுள்ள பிரஷ்லெஸ் மோட்டார்களைப் பற்றி. முதல் இரண்டு இலக்கம் ஸ்டேட்டரின் (காயில் சுற்றிய, அசையாத உள்பகுதி) விட்டம், அடுத்த இரண்டு அதன் உயரம், மில்லிமீட்டரில். மடக்கும் கேமரா ட்ரோன்களிலும் உள்ளமைப்பு இதேதான். ஆனால் ஒயர் மெலிது, ட்ரோனின் கைக்குள் ஓடி சர்க்யூட் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் வெளிச்சுத்தம் வரை வீட்டில் செய்யலாம். வாரன்ட்டி இருந்தால் அதற்கு மேல் திறக்காமல் இருப்பதே நல்லது.

திறப்பதற்கு முன் விரலால் சுற்றிப் பாருங்கள். பழுது என்ன என்பதைப் பெரும்பாலும் விரலே சொல்லிவிடும். இந்த மோட்டார்களில் வழக்கமாக 12 ஸ்டேட்டர் பற்களும் 14 காந்தங்களும் இருக்கும். ஒரு முழுச் சுற்றில் 84 சின்னச் சின்னத் தடுக்கல்கள் சீராக வரும். அது இயல்பு. சந்தேகமாக இருந்தால் அதே ட்ரோனில் இருக்கும் மற்ற மூன்று மோட்டார்களையும் சுற்றி ஒப்பிடுங்கள். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் உரசினால் பெல் (காந்தங்கள் ஒட்டிய, சுற்றும் வெளிக்கூடு) நசுங்கியிருக்கிறது, அல்லது ஒரு காந்தம் இடம் பெயர்ந்திருக்கிறது. சுற்று முழுக்க நறநறவென்று இருந்தால் மணல் அல்லது பேரிங். இரண்டையும் பிரித்தறிய பெல்லைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பேரிங் பக்கம் சந்தேகம் போகும். சுற்றவே மறுத்துக் கல்லைப் போல நின்றால் உள்ளே ஏதோ ஆப்பு வைத்தாற்போல் சிக்கியிருக்கிறது, துரு பிடித்திருக்கிறது, அல்லது விழுந்த அடியில் ஷாஃப்ட் இறங்கி பெல்லின் விளிம்பு அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டது. கடைசியாகச் சொன்னதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மற்ற மோட்டார்களில் பெல்லுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி இதில் காணாமல் போயிருக்கும்.

நான்காவது வகைதான் நிறைய பேரை ஏமாற்றுகிறது. சத்தமில்லை, உரசலில்லை, ஆனால் தேனுக்குள் சுற்றுவதுபோல் இழுக்கிறது. மெதுவாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும், வேகமாகத் திருப்பினால் முரண்டு பிடிக்கும். இது மின்சாரக் கோளாறு. இந்த இழுவை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, கழற்றி வைத்திருக்கும் நல்ல மோட்டார் ஒன்றின் மூன்று ஒயர்களில் எந்த இரண்டையாவது ஒன்றோடொன்று தொடவைத்துப் பெல்லைச் சுற்றிப் பாருங்கள். ஒருமுறை உணர்ந்த விரல் பிறகு மறக்காது.

இழுக்கிற மோட்டாரின் மூன்று ஒயர்களையும் ஈஎஸ்சியிலிருந்து பற்றெடுத்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். சுதந்திரமாகச் சுற்றினால் மோட்டாரில் குறையில்லை. ஈஎஸ்சியில் மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்ச் ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போதும் இழுத்தால் காயில் ஷார்ட். மோட்டாரைக் குறை சொல்லும் முன் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ட்ரோனின் கை 5 மி.மீ. தடிப்பு என்றால் 8 மி.மீ. நீளமுள்ள எம்3 ஸ்க்ரூ 3 மி.மீ. உள்ளே போகும், அது சரி. கையில் கிடைத்தது 10 மி.மீ. என்று அதைப் போட்டு முறுக்கினால் நுனி காயிலில் குத்தும். மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்து, ஒரு முனையை மோட்டார் ஒயரிலும் மறுமுனையை ஸ்டேட்டர் இரும்பிலும் வையுங்கள். பீப் வந்தால் எனாமல் உடைந்திருக்கிறது. மோட்டார் ஒயர்கள் இரண்டுக்கு நடுவே வைத்தால் நல்ல மோட்டாரிலும் பீப் வரத்தான் செய்யும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அந்தத் தடை மிகமிகக் குறைவு. சாதாரண மீட்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. காயில் கறுத்து, கருகிய வார்னிஷ் வாசனை அடித்தால் மோட்டாரை மாற்றுவது ஒன்றுதான் வழி. வீட்டில் திரும்பச் சுற்றிக் கட்டியவை ஓடும், ஆனால் பழைய சமநிலை வருவது அபூர்வம்.

இனி சுத்தம். காந்தத்துக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இருக்கும் சந்து ஏறக்குறைய 0.2 மி.மீ.தான். ஒரு மணல் துகள் போதும் அடைக்க. டார்ச் அடித்துப் பெல்லின் துளைகள் வழியாகப் பாருங்கள். புல், முடி, நூல் தெரிந்தால் ட்வீசரால் எடுத்துவிடலாம். காற்று ஊதும்போது பெல்லை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் விட்டால் காற்றில் மோட்டார் விர்ரென்று சுற்றி, துகளை இன்னும் ஆழமாக அரைக்கும். கம்ப்ரெஸரின் முழு அழுத்தத்தையும் பேரிங்குக்கு நேராகப் பிடிக்கவே கூடாது, மணலை அதற்குள் தள்ளிவிடும். கையால் அமுக்கும் ரப்பர் ஊதி போதுமானது.

காற்றுக்கு அசையாத ஒன்று உண்டு: மண்ணில் கலந்திருக்கும் இரும்புத்தூள். காந்தம் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மோட்டாரைத் திறந்தாக வேண்டும்.

அடிப்பக்கம் ஷாஃப்டின் நுனியில் ஒரு சி-கிளிப் இருக்கும், அல்லது சின்ன ஆலன் ஸ்க்ரூ இருக்கும். கிளிப் என்றால் மோட்டாரையும் உங்கள் கைகளையும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் விட்டு வேலை செய்யுங்கள். மெல்லிய தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது கிளிப் எகிறிப் போனால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பைக்குள் என்றால் அடியில் கிடக்கும். ஸ்க்ரூ என்றால் அது லாக் திரவம் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையில் இருபது, முப்பது நொடி வைத்துச் சூடாக்கிவிட்டுத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஆலன் குழி உருண்டுவிடும். கிளிப்புக்குக் கீழே இருக்கும் மெல்லிய வாஷர்கள் எத்தனை, எந்த வரிசை என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெல்லை நேராக மேலே இழுங்கள். காந்தம் பிடித்து இழுக்கும், பிறகு சட்டென்று விடும். திரும்பப் போடும்போதும் அதே வேகத்தில் போய் ஒட்டும், விரல் சதை மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்லின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினால், இரண்டு காந்தங்கள் சந்திக்கும் கோடுகளில் இரும்புத்தூள் மீசை முளைத்ததுபோல் விறைத்து நிற்கும். துணியால் துடைத்தால் ஒரு காந்தத்திலிருந்து அடுத்ததுக்கு நகருமே தவிர வராது. சுவரில் போஸ்டர் ஒட்டும் பிசின் களிமண்ணை உருட்டி அழுத்தி எடுப்பதுதான் சிறந்த வழி. இல்லையென்றால் பசை டேப்பை ஒரு மரக்குச்சியில் பசை வெளியே இருக்கும்படி சுற்றி ஒற்றி எடுங்கள். நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். அதன்பின் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து முடியுங்கள். ஸ்டேட்டரை மென்மையான பல் பிரஷால் தேய்த்துவிடுங்கள். அங்கே பஞ்சு வேண்டாம், காயிலில் இழை மாட்டும். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், காந்தத்தைப் பிடித்திருக்கும் பசையையே கரைத்துவிடக்கூடும்.

திறந்தது திறந்தாயிற்று, ஒவ்வொரு காந்தத்தையும் மரக்குச்சியால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மெதுவாக இறுகும் எபாக்ஸியை மெல்லிய படலமாக, முதுகுப் பக்கம் மட்டும் தடவி ஒட்டலாம். பக்கத்துக் காந்தங்களுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். பல்குத்தும் குச்சித் துண்டுகளை ஆப்பாக வைத்தால் நகராது. துருவம் மாறி மாறி வர வேண்டும் என்பதால் எடுக்கும் முன்பே மேல் விளிம்பில் மார்க்கரால் குறியிடுங்கள். 24 மணி நேரம் விடுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹீட் கன் பிடிக்க வேண்டாம். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தசக்தியை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். நன்றாக ஒட்டிய காந்தம் நீண்டகாலம் நிற்கிறது. விரிசல் விட்ட காந்தம் நிற்பதில்லை. துண்டு உடைந்து பறக்கும்போதே மாட்டும். அதற்குப் பெல்லையே மாற்றுங்கள், பல மோட்டார்களுக்கு அது தனியாகக் கிடைக்கிறது. நசுங்கிய பெல்லுக்கும் இதே தீர்ப்பு. சுத்தியலால் தட்டி வட்டமாக்கப் பார்த்தால் முதலில் உடைவது காந்தம்.

பேரிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பத் திரும்ப வரும் தொல்லை இதுதான். 22 மி.மீ. மோட்டார்களில் வழக்கமாக மேலொன்று கீழொன்றாக இரண்டு இருக்கும். பரவலானது 684 இசட்இசட், அதாவது உள்துளை 4, வெளிவிட்டம் 9, தடிப்பு 4 மி.மீ. வாங்கும் முன் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். வெறுமனே வறண்டு கீச்சிடும் பேரிங்குக்கு மெல்லிய பேரிங் ஆயில் அல்லது தையல் மிஷின் எண்ணெய், ஊசி நுனியில் தொங்கும் ஒரு சொட்டு போதும். அதிகமானால் அதுவே தூசியைச் சேர்க்கும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் அப்போதைக்கு வழவழவென்று சுற்றும். உள்ளே இருந்த கிரீஸைக் கழுவிவிட்டு அது ஆவியாகிவிடும், சில பறத்தல்களில் சத்தம் பழையபடி வந்து நிற்கும். ஆல்கஹால் பட்டாலும் கிரீஸ் போகும், ஆகவே கழுவினால் எண்ணெய் கட்டாயம்.

விழுந்த அடியில் பேரிங்கின் ஓடுபாதையில் குழி விழுந்திருந்தால் எண்ணெயால் ஒன்றும் ஆகாது. ஷாஃப்டை அதில் செருகி மெதுவாகத் திருப்பும்போது முள் தட்டுவதுபோல் உணர்ந்தால் அதுதான் குழி. மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அடித்தட்டை ஹாட் ஏரால் 90, 100 டிகிரி வரை சூடாக்கினால் அலுமினியம் விரிந்து பிடி தளரும்; மழுங்கிய 3 மி.மீ. கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு, சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே எடுங்கள். புதியதை அழுத்தும்போது 9 மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த குழாய்த் துண்டை வைத்து வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் புதிய பேரிங்கிலும் அப்போதே குழி விழும்.

திரும்பப் பூட்டும்போது வாஷர்கள் பழைய வரிசையில் போக வேண்டும். பெல்லை மேலும் கீழும் அசைத்தால் 0.1 முதல் 0.2 மி.மீ. விளையாட்டு இருந்தால் சரி. அதுவும் இல்லாமல் இறுகினால் பேரிங் நெருக்கப்பட்டு, சரிசெய்த மோட்டாரே மறுபடி கனக்கும்; ஒரு வாஷரைக் குறைத்துப் பாருங்கள். சி-கிளிப் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று ட்வீசரால் சுற்றிப் பாருங்கள். அரைகுறையாக இருந்தால் காற்றிலேயே பெல் கழன்று பறந்துவிடும். இரண்டு மூன்று முறை கழற்றிய கிளிப் தளர்ந்திருக்கும், புதிது போடுவது பாதுகாப்பு. ஸ்க்ரூ வகையில் நீல நிற லாக் திரவம் மரையில் ஒரு துளி. வழிந்து பேரிங்குக்குள் போனால் பேரிங்கையே பூட்டிவிடும்.

முதல் மின்சாரம், ஷார்ட் இருந்தால் கரண்டை மட்டுப்படுத்தும் ஸ்மோக் ஸ்டாப்பர் வழியாகப் போகட்டும். மூன்று, நான்கு செல் பேட்டரிக்கு 12 வோல்ட் 21 வாட் கார் பல்ப்பைத் தொடரில் போட்டாலும் ஆகும்; பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பல்ப் அணைந்தபின் அதை எடுத்துவிட்டு, ப்ரொப்பெல்லர் இல்லாமல், பீட்டாஃப்ளைட் என்ற ட்ரோன் மென்பொருளின் மோட்டார் பக்கத்தில் குறைந்த வேகத்தில் அரை நிமிடம் ஓட்டுங்கள். ப்ரொப்பெல்லர் மாட்டி ஒரு நிமிடம் தரைக்கு மேல் நிறுத்தி, இறக்கிப் பேட்டரியைப் பிடுங்கியதும் நான்கையும் தொடுங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று தெளிவாகச் சுட்டால் வேலை இன்னும் முடியவில்லை.

கடல் தண்ணீரில் விழுந்ததற்கு இதில் எதற்கும் நேரமில்லை. பேட்டரியைப் பிரித்து, உடனே நல்ல தண்ணீரில் முக்கிப் பெல்லைக் கையால் சுற்றிச் சுற்றி உப்பைக் கழுவ வேண்டும், பிறகு ஆல்கஹால், பிறகு காயவைத்து எண்ணெய். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பேரிங் அதற்குள் துருவால் ஒட்டியிருக்கும்.

சிறுவர் ட்ரோன்களில் இருப்பது 7 × 16 அல்லது 8.5 × 20 மி.மீ. பிரஷ் மோட்டார். அங்கே சிக்குவது பெரும்பாலும் தலைமுடி, ப்ரொப்பெல்லருக்கு அடியில் மெல்லிய ஷாஃப்டைச் சுற்றி இறுகியிருக்கும். ப்ரொப்பெல்லரை நேராக நெம்பி எடுத்து, பிளேடு நுனியால் முடியை அறுத்து, ட்வீசரால் உரித்தால் உடனே சுற்றும். சுத்தமாக இருந்தும் சுற்றவில்லையென்றால் பிரஷ் தேய்ந்திருக்கும். திறந்து சரிசெய்யும் மோட்டார் இல்லை இது, மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது ஒயரின் நிறத்தைப் பாருங்கள்: வழக்கமாகச் சிவப்பு-நீலம் கடிகாரச் சுற்று, கறுப்பு-வெள்ளை எதிர்ச்சுற்று.