பைத்தானில் லிஸ்ட்டா, டிக்‌ஷனரியா?

மூன்று பாடங்களின் மதிப்பெண்களைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் [78, 91, 64] என்று லிஸ்ட்டாக, அதாவது வரிசைப் பட்டியலாக எழுதினால், எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால், தமிழுக்குரிய 91-ஐப் பெற 1 என்ற இடத்தைக் குறிப்பிட வேண்டும். தொடக்கத்தில் புதிதாக ஒரு மதிப்பெண்ணைச் செருகிவிட்டாலோ அதே இடத்தில் 78 வந்து நிற்கும், பிழைச்செய்தி எதுவும் வராது. புதிதாகக் கற்பவர்களை இதுவே அதிகம் அலைக்கழிக்கிறது என்பது என் கருத்து.

{"கணிதம்": 78, "தமிழ்": 91, "அறிவியல்": 64} என்று டிக்‌ஷனரியாக எழுதும்போது ஒவ்வொரு மதிப்பும் தன் பெயரோடு பிணைந்திருப்பதால், வேறு எந்தப் பாடத்தைச் சேர்த்தாலும் "தமிழ்" என்று கேட்டால் 91 தான் கிடைக்கும். இல்லாத பாடத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் கேட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அந்தக் கண்டிப்பு நல்லது.

எனினும், ஒரு மாதத்தின் தினசரி வெப்பநிலையைப் போல, வரிசையே முதன்மையாக உள்ள தரவுக்கு லிஸ்ட்தான் பொருத்தம். வெப்பநிலையையே பெயராக வைத்து டிக்‌ஷனரியில் நாளைச் சேமித்தால், 34 டிகிரி இரண்டாம் முறை பதிவாகும்போது அதே வெப்பநிலைக்கு முன்பு பதிவான நாள் அழிந்துவிடும்.