அக்ரோமேட்டா, பிளான் அக்ரோமேட்டா?

வீட்டு நுண்ணோக்கியுடன் வரும் பொருளருகு லென்ஸ்கள் பெரும்பாலும் அக்ரோமேட் வகை. சிவப்பையும் நீலத்தையும் ஒரே குவியத்தில் சேர்ப்பவை. ஆனால் அவற்றின் பார்வைப்புலம் வளைந்திருக்கும். வெங்காயத் தோலைப் பாருங்கள்: நடுவில் செல்சுவர்கள் துல்லியமாகத் தெரியும், ஓரத்தில் மங்கும். நுண்திருகைச் சற்றே திருப்பினால் ஓரம் தெளியும், நடு கலங்கிவிடும். பிளான் அக்ரோமேட் இந்த வளைவைச் சமன்செய்கிறது.

படம் எடுப்பவருக்கு இது பெரிய வரம். ஓடித் திரியும் பரமீசியத்தை நடுவிலேயே வைத்துப் பின்தொடர்பவருக்கோ அவ்வளவு லாபமில்லை. நுணுக்கத்தைத் தீர்மானிப்பது எண் துளை, அதாவது லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைச் சொல்லும் எண். சாதாரண 40 மடங்கு லென்ஸில் அது இரு வகையிலும் பொதுவாக 0.65தான். பச்சை ஒளியில் இரண்டுமே சுமார் அரை மைக்ரோமீட்டர் இடைவெளியைத்தான் பிரித்துக் காட்டும். மாற்றுவதென்றால் 40ஐ முதலில் மாற்றச் சொல்வேன். 4, 10ஐவிட அதில்தான் வளைவு கண்ணை உறுத்தும்.

வாங்கும் முன் பழைய லென்ஸின் உடலில் 160 (மில்லிமீட்டரில் குழல் நீளம்) என்றிருக்கிறதா, முடிவிலிக் குறி (∞, வேறு வகை ஒளியமைப்பு) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்; புதியதும் அதே வகையாக இருக்க வேண்டும். திருகு மரை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். மாற்றிப் போட்டாலும் அழகாகப் பொருந்திவிடும், பிம்பம்தான் கெடும்.